சாம்பலைப் பங்கிடும் கணக்கு

வர்ணப் படத்தின் ஒவ்வொரு பிக்ஸலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்களின் சேர்க்கையே என்பதையும், அம்மூன்றையும் ஆயிரத்துக்கு 299, 587, 114 என்ற விகிதத்தில் கூட்டினால், பச்சையை மிகுதியாக உணரும் நம் கண்ணின் சுபாவத்துக்கு இசைந்த சாம்பல் நிறம் கிட்டும் என்பதையும் சென்ற வாரம் கண்டோம். அந்தச் சாம்பல் படத்தைக் கறுப்பு, வெளுப்பு என்னும் இரண்டே நிறங்களால் வரைவது எவ்வாறு என்பதே இவ்வாரத்து விஷயம்.

எவருக்கும் முதலில் தோன்றும் உபாயம் எளியது. பைத்தான் மொழியில், பில்லோ நூலகத்தின் துணைகொண்டு படத்தைத் திறந்து, மேல் வரிசையின் இடக்கோடியில் தொடங்கி, ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரண்டு லூப்களால் ஒவ்வொரு பிக்ஸலையும் தொட்டு, அதன் மதிப்பு 128-க்குக் குறைந்தால் 0 என்றும் இல்லையேல் 255 என்றும் எழுதிவிட்டால் காரியம் முடிந்தது. முடிந்தது என்றேனே தவிர, நன்றாக முடிந்தது என்று சொல்லவில்லை. கன்னத்தில் மெல்லப் படர்ந்திருந்த நிழல் மறைந்து, முகமே மசி கொட்டிய திட்டாகி நிற்கும்.

1957-ல் அமெரிக்க தேசியத் தரநிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவரும் அவர் சகாக்களும், அவருடைய மூன்று மாதக் குழந்தை வால்டனின் புகைப்படத்தைச் சுழலும் உருளையொன்றில் பொருத்தி, பக்கத்துக்கு 176 புள்ளிகள் கொண்ட சதுரமாகக் கணிப்பொறிக்குள் செலுத்தியபோது, அவர்களுக்கு நேர்ந்த சங்கடமும் இதுவே. வெவ்வேறு எல்லை மதிப்புகளை வைத்து அதே படத்தைப் பலமுறை வாசித்து, அவற்றை ஒன்றுசேர்த்துச் சாம்பல் சாயைகளை அவர்கள் மீட்டார்கள். அங்கே ஒரு புள்ளிக்குப் பல சாயைகளை வைத்துக்கொள்ள முடிந்தது. நமக்கோ இறுதிவரை இரண்டு நிறங்களே அனுமதி.

இதற்கு 1976-ல் ராபர்ட் ஃபிளாய்ட், லூயிஸ் ஸ்டெயின்பெர்க் ஆகிய இருவரும் வெளியிட்ட முறையைத்தான் நான் பெரிதும் மெச்சுகிறேன். 96 என்ற மதிப்புள்ள பிக்ஸலைக் கறுப்பாக்கும்போது, அந்த 96-ஐ நாம் வீசியெறிந்துவிடுகிறோம் அல்லவா? அதை எறியாமல், தீராத பாக்கியாகப் பாவித்து அண்டையிலுள்ளோர் பேரில் எழுதிவிட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை: வலப்பக்கத்துக்குப் பதினாறில் ஏழு பங்கு, அதாவது நம் பழைய வாய்பாட்டின்படி ஏழு வீசம், கீழிடத்துக்கு மூன்று, நேர்கீழே ஐந்து, கீழ்வலத்துக்கு ஒன்று. ஆக 42, 18, 30, 6 எனத் தொகை பைசல் ஆகிறது. 200 மதிப்புள்ள புள்ளியை வெளுப்பாக்கினால் மிகையாகிய 55-ஐ அதே விகிதத்தில் கழிக்க வேண்டும். பங்கு பெறும் நால்வரும் லூப் இன்னும் தொடாதவர்களே என்பதுதான் இதன் நுட்பம். முடிந்த புள்ளியை மீண்டும் திருத்தும் அவசியமே எழுவதில்லை.

கூட்டிக் கழிக்கையில் மதிப்பு 255-ஐத் தாண்டலாம், பூஜ்யத்துக்குக் கீழும் போகலாம். ஆகையால் பாக்கிகளைப் படத்திலேயே எழுதாமல் தனிப் பட்டியலில் வைத்துக்கொள்வது உத்தமம். பில்லோவிடம் கறுப்பு-வெளுப்பு வடிவம் கேட்டால் அதுவே இம்முறையை மௌனமாகச் செய்து தரும். ஆயினும் ஒருமுறை கைப்பட எழுதிப் பார்த்தாலொழிய சூக்ஷுமம் விளங்காது. வலக்கோடிப் பிக்ஸலுக்கு அப்பால் யாரும் இல்லாததால் அதன் ஏழு பங்கை விட்டுவிடுவது வழக்கம். ஒரு வரிசையை இடமிருந்தும் அடுத்ததை வலமிருந்துமாக மாறி மாறி நடப்போரும் உண்டு. ஒரே பக்கம் சாய்ந்தோடும் கோடுகள் அதனால் குறையும், ஆனால் திரும்பி வரும் வரிசையில் பங்குகளின் திசையையும் திருப்பிவிட வேண்டும்.

(தொடரும்)