கப்பல் இரும்பும் கத்தி வாயும்

1981ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'பிரிம்ரோஸ்' என்னும் சரக்குக் கப்பல் அந்தமானின் வட சென்டினல் தீவருகே தரைதட்டியது. அதன் இரும்பைத் தீவினர் கருவிகளாக்கிக்கொண்டனர் என்பர். உலையின்றித் தட்டியே இரும்பை உருவாக்குவது அந்தமான் பழங்குடியினரின் பழைய வழக்கம். அஃது எங்ஙனம் இயலும்?

கப்பல் தகட்டில் கரி நூற்றுக்குச் சுமார் 0.2 பங்கே. ஆதலின் அது வளையுமேயன்றி எளிதில் உடையாது. தட்டத் தட்டச் சற்றே இறுகவும் செய்யும். கரி மிகுந்த எஃகைக் காய்ச்சித் தோய்த்தால் கூர் நெடுநாள் நிற்கும். பதம் தவறினாலோ கண்ணாடிபோல் தெறிக்கும்.

வடிவமும் பொருட்டே. தகட்டின் கனம் இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகிறது. படாக் போன்ற வன்மரத்தைச் செதுக்கும் வாய்ச்சிக்கு அகன்ற கோணத்தில் வாய் தீட்டவேண்டும். மெல்லிய வாயை அம்மரத்தில் ஓங்கினால் மடங்கும், அல்லது விள்ளும். நாமோ எஃகையே பழிக்கிறோம்! மீன் அறுப்பதற்கு அம்மெல்லிய வாயே ஏற்றது.