பம்பு மோட்டாரும் அதன் காவல் ரிலேயும்

சங்கக் கடனில் பம்பு மோட்டார் வைத்திருக்கும் அங்கத்தினர்கள், ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் உள்ள ரிலேயின் வேலையை அவசியம் அறிந்திருத்தல் வேண்டும்.

மின்சாரத்தைக் குழாய் நீருக்கு ஒப்பிடுவர். தள்ளும் அழுத்தம் வோல்ட். ஓடும் அளவு ஆம்பியர். பாதையின் தடை ஓம். எனினும் ஒப்புமை ஓரிடத்தில் பிசகும். வோல்ட் குறைந்தால், பளுவோடு ஓடும் மோட்டார் ஆம்பியரை அதிகமாகவே இழுக்கும். ஆம்பியர் இரட்டித்தால் கம்பிச்சுருளில் எழும் சூடு நான்கு மடங்காகும். அதே ஆம்பியரால் சூடேறும் ரிலேயின் ஈருலோகத் தகடு வளைந்து, இணைப்பைத் துண்டிக்கிறது.

ஆளின்றித் தானே இயங்கும் ரிலேக்களை நூற்றுக்கணக்கில் பிணைத்தே முன்னாளில் தொழிற்சாலைகள் யந்திரங்களை நடத்தின. அமெரிக்காவில் மோட்டார் கார் மாதிரி மாறுந்தோறும் கம்பிகளை அவிழ்த்துக் கட்டுவது பெருந்தொல்லையாயிற்று. 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மாற்று வழி நாடியது. ரிச்சர்டு மார்லி முதலானோர் ஆக்கிய மோடிகான் 084 அக்குறையைத் தீர்த்தது. அதில் கம்பிகளை விடுத்துக் கட்டளைகளை மாற்றினாற் போதும். அத்தகைய ஆலைகளிலும் மோட்டாருக்குக் காவலாக ரிலே இன்றும் பல இடங்களில் உண்டு.

நம்மவர் சிலரோ, அடிக்கடி துண்டிக்கிறதென்று ரிலேயைக் கம்பியால் கட்டிவிடுகின்றனர். வயல் ஒரு நாள் நனையும், சுருள் கருகும், கடன் தவணையோ நிற்காது. ரிலே துண்டித்தால், வோல்ட் மீட்டரில் மூன்று பேஸ்களையும் பார்த்துச் சற்று ஆறவிட்ட பின்னரே பொத்தானை அழுத்துக.