பிராணவாயுவின் நடுவே பிறக்கும் மீத்தேன்

அன்னாசியினாலேயே பெயர் பெற்ற ஜொகூர் மாநிலத்துப் பெக்கான் நானாஸ் வட்டாரத்தில், சதுப்புமண் கால்வாய்களின் பாலில்லாத் தேநீர் போன்ற நீருக்கடியில் மக்கிக் கிடக்கும் சேற்றைக் கோலால் கிளறினால் எழும் குமிழிகளில் மீத்தேன் உண்டு. 1776-இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா மஜோரே ஏரிச் சேற்றிலிருந்து சேகரித்த இவ்வாயு, பிராணவாயு அணுகாத இடத்திலேயே நுண்ணுயிர்களால் உண்டாகும் என்பது நெடுங்காலச் சித்தாந்தம்.

ஆயினும் 2011-இல், ஜெர்மனியின் ஸ்டெக்லின் ஏரியில், பிராணவாயு நிறைந்த மேல்நீரிலேயே அது பிறப்பதாக ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். நீலப்பச்சைப் பாசிகளும் அதனை உண்டாக்குவது 2020-இல் பரிசோதனையால் நிரூபணமாயிற்று. கரைச்சேற்றிலிருந்து பரவி வந்ததே அது என்போரும் உளர்; ஆழமற்ற ஏரியில் அடிச்சேறும் மேல்நீரும் அணுக்கமாதலால் இவ்விவாதம் எளிதில் தீர்வதன்று. மேல்நீரில் பிறக்கும் வாயுவோ, வழியில் அதனை உண்ணும் பாக்டீரியாக்களிடம் அதிகம் சிக்காமல் வானேறிப் புவியின் வெப்பத்தைக் கூட்டுகின்றது.