பொருளுதவியும் நிபந்தனையும்

அண்ணனூரில் வாழும் ஒரு பெண் கருவுற்றால் அவள் செல்லுமிடம் நாம் அறிந்ததே. அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆவடி அரசு மருத்துவமனையிலோ பெயரைப் பதிந்துகொள்வாள். பெரிய மருத்துவம் வேண்டுமாயின், 1844-ஆம் ஆண்டில் தோன்றிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பெறுவாள். அங்கே ஆகும் செலவு எந்நாட்டுப் பணம் என்று அவள் வினவ வேண்டுவதில்லை. ஆயின் உலகின் பல நாடுகளில் அவ்வினாவே ஏழைப் பெண்ணொருத்தியின் நலத்தை முடிவு செய்கின்றது. அஃது எங்ஙனம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பிறநாட்டுப் பொருளுதவி நமக்குப் புதிதன்று. ஆண் மருத்துவரை அணுகவிடாத வழக்கத்தால், திண்டிவனத்தில் ஓரிரவிலேயே பெண்கள் மூவர் பிரசவத்தில் மாண்டதைக் கண்டு உள்ளம் நைந்தார் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று மீண்டு, 1902-இல் வேலூரில் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைத் திறந்தார். நியூயார்க் நகரத்துச் செல்வர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக ஈந்த பொருளே அதற்கு மூலதனமாயிற்று.

ஆயினும், கொடை வேறு. கொடையோடு கட்டி அனுப்பப்படும் கயிறு வேறு. தன் வெளிநாட்டு உதவிப் பணத்தைக் குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கருக்கலைப்புக்குச் செலவிடலாகாதென்று அமெரிக்கா 1973-இல் சட்டம் செய்தது. 1984-இல் மெக்ஸிகோ நகரத்து மக்கட்டொகை மாநாட்டின்போது ரீகன் அரசாங்கம் அதனினும் ஒருபடி மேற்சென்றது. உதவி பெறும் அயல்நாட்டுச் சங்கம், பிறரிடம் பெற்ற பணத்தைக் கொண்டும் அச்செயலைப் புரிதலோ, அதற்கு வழிகாட்டுதலோ, அதுபற்றிய சட்டத்தைத் தளர்த்துமாறு தன் நாட்டு அரசை வேண்டுதலோ கூடாது. இசையாவிடின், கர்ப்பத்தடைக்கென வரும் உதவியும் நின்றுவிடும். தாயின் உயிர்க்கு ஆபத்து, வன்கொடுமை முதலிய சிலவே விலக்குகளாம். இவ்விதி 1993-இல் நீங்கி, 2001-இல் மீண்டு, 2009-இல் நீங்கி, 2017-இல் சுகாதார உதவி பெரும்பாலானவற்றிற்கும் விரிந்து, 2021-இல் நீங்கி, 2025-இல் மறுபடியும் வந்தது. வாஷிங்டனில் ஆட்சி மாறுந்தோறும் தொலைவிலுள்ள சிற்றூர் மருத்துவ நிலையத்தின் கதவு திறந்து மூடுகின்றது.

நம் அண்டை நாடாகிய நேபாளத்தைப் பார்ப்போம். 2002-இல் சட்டம் திருந்தும்வரை அங்கே கருக்கலைப்பு பெருங்குற்றம்; அதன்பொருட்டுச் சிறையில் வாடிய பெண்கள் பலர். அந்நிலையை மாற்றக் குரல் கொடுக்கும் உரிமையா, அமெரிக்கப் பணமா என்ற கேள்வி 2001-இல் நேபாளக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் முன் நின்றது. சங்கம் குரலைக் காத்துக்கொண்டது, பணத்தை இழந்தது.

இனி, விளைவு யாது? ஆப்பிரிக்காவில் 26 நாடுகளின் 1995 முதல் 2014 வரையுள்ள கணக்குகளை ஆராய்ந்து, 2019-இல் அறிஞர் சிலர் ஒரு முடிவை வெளியிட்டனர். இவ்விதி நடைமுறையிலிருந்த காலத்தில், அமெரிக்க உதவியை மிகுதியும் நம்பியிருந்த நாடுகளில், ஏனைய நாடுகளோடு ஒப்பிடக் கருக்கலைப்பு ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு பெருகிற்று; கர்ப்பத்தடைச் சாதனங்களின் பயன் குன்றிற்று. காரணம் வெளிப்படை. சாதனங்களை வழங்கியவையும் அச்சங்கங்களே; உதவி நின்றபோது அவையும் நின்றன; வேண்டாக் கருவுறுதல் மிகுந்தது. குறைக்கக் கருதிய செயலையே விதி பெருக்கிற்று. கருக்கலைப்பைப் பற்றி நம்மிடையே மனச்சாட்சிக்கேற்ப வெவ்வேறு கொள்கையினர் உளர். எனினும் இவ்விளைவை விரும்புவோர் எத்தரப்பிலும் இரார்.

தமிழ்நாட்டுத் தாய் இவ்வலையில் பெரிதும் அகப்படாதது ஏன்? 1980-களில் சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களின் சுகாதாரப் பணிக்கு டென்மார்க்கு உதவியது உண்மையே. ஆயினும், செவிலியரின் ஊதியமும் மருந்தும் பெரும்பாலும் நம் வரிப்பணத்தினின்றே வருகின்றன. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் நம் பாராளுமன்றம் இயற்றியது. 2018–20 ஆண்டுகளின் கணக்கில், இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறக்க, இங்கே இறந்தோர் 54 பேர். அதுவும் மிகுதியே எனினும், அதனைக் குறைக்கும் வழி நம் கையிலுள்ளது.

அமெரிக்க உதவியை நடத்திவந்த நிறுவனமே 2025 ஜூலையில் மூடப்பட்டமை, பிறர் பொருளையே நம்பி நிற்பதன் இடரை யாவர்க்கும் உணர்த்திற்று. உதவி வேண்டாவென்பது நம் கருத்தன்று. வேலூர் அதற்குச் சான்று. கொடுப்போர் தம் பொருளுக்கு வரம்பு கட்டுக. பெறுவோர் நாவிற்குக் கட்டாதிருக்க. பெறுவோரோ, தாய்மாரின் உயிரைக் காக்கும் முதற்பொருளைத் தம் நாட்டுக் கருவூலத்திலேயே தேடி வைப்பாராக. நாளை மருத்துவராகவும் அரசு அலுவலராகவும் செல்லவிருக்கும் நம் மாணவர் இதனை மனங்கொள்வரென நம்புகின்றோம்.