வெந்தயத்தின் விலாசம்

2011 மே 26 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரச் சுகாதாரத் துறை, ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய்களில் ஈ.கோலை கிருமி இருப்பதாக அறிவித்தது. வடக்கு ஜெர்மனியின் மருத்துவமனைகள் அப்போது ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு நோயாளிகளால் நிரம்பிக்கொண்டிருந்தன. பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே ஸ்பெயின் காய்கறிகளைத் தொட ஆளில்லை. வாரத்துக்கு 20 கோடி யூரோ நஷ்டம் என்று அந்நாட்டு ஏற்றுமதியாளர்கள் கணக்குச் சொன்னார்கள். மே 31 அன்று, வெள்ளரியில் இருந்தது நோயாளிகளைத் தாக்கிய வகைக் கிருமியே அல்ல என்று ஹாம்பர்க்கே ஒப்புக்கொண்டது. அதனால் என்ன, பெயர் கெட்டது கெட்டதுதான். விலைபோகாத விளைச்சலுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 21 கோடி யூரோ இழப்பீடு ஒதுக்க வேண்டியதாயிற்று.

உண்மையில் நோயைப் பரப்பியது முளைகட்டிய வெந்தயம். அது பிடிபட்ட விதம், உணவின் தடத்தைப் பதிவு செய்து வைப்பது எதற்காக என்பதை எந்தச் சட்டப் புத்தகத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. என்ன சாப்பிட்டீர்கள் என்று நோயாளிகளிடம் கேட்டபோது தக்காளி, வெள்ளரி, கீரை என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். முளைப்பயறு சாப்பிட்டது நினைவிருந்தவர்கள் நான்கில் ஒருவர்தான். சாலட்டின் மேல் அழகுக்காகத் தூவிய ஒரு சிட்டிகையை யார்தான் நினைவில் வைத்திருப்பார்கள்? எனவே ஜெர்மனியின் பொதுச் சுகாதார அமைப்பான ராபர்ட் கோக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வழியை மாற்றினார்கள். ஒரே உணவகத்தில் சாப்பிட்ட குழுக்களைத் தேடிப் பிடித்து, என்ன பண்டம் கேட்டு வாங்கினார்கள் என்பதை மட்டும் விசாரித்தார்கள். பில்லையும், சுற்றுலா வந்தவர்கள் சாப்பாட்டு மேசையில் எடுத்த படங்களையும் வைத்துச் சரிபார்த்தார்கள். பிறகு சமையல்காரரிடம் போய், அந்தப் பண்டத்தில் என்னென்ன சேர்ப்பீர்கள், எவ்வளவு சேர்ப்பீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். அந்தக் குழுக்களில் நோயுற்ற அத்தனை பேரின் தட்டிலும் முளைப்பயறு இருந்தது.

இன்னொரு பக்கம், நோய் கொத்தாகத் தலைகாட்டிய 41 இடங்களுக்கும் முளைப்பயறு எங்கிருந்து வந்தது என்று ஒரு சிறப்புக் குழு டெலிவரி சீட்டுகளைப் புரட்டியது. 41 தடங்களும் கீழ் சாக்சனி மாநிலத்தின் பீனென்பூட்டல் என்ற ஊரில் ஒரே பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தன. இயற்கை முறைப் பண்ணை. அதன் பொட்டலங்களில் பொய் எழுதியிருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஜூன் கடைசியில் பிரான்சின் போர்தோ அருகே அதே வகைக் கிருமி மீண்டும் தோன்றியது. அங்கே முளைகட்டியவர்கள் வேறு, விதை விற்ற கடை வேறு. இரண்டு வழிகளையும் படிப்படியாக மேலே ஏறிப் பார்த்தபோது, எகிப்திலிருந்து 2009இல் இறக்குமதியான 15 டன் வெந்தயத்தில், 48088 என்ற ஒரே லாட் எண்ணில் அவை சந்தித்தன. 2011 ஜூலை 5 அன்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதை வெளியிட்டது. அந்தக் கோடையில் ஜெர்மனியில் மட்டும் 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 53 பேர் இறந்தார்கள்.

இதில் ஆய்வகத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. அந்த விதைகளில் கிருமி கடைசிவரை அகப்படவே இல்லை. இதைச் சொல்லியே எகிப்து இந்த முடிவை ஏற்க மறுத்தது. அந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. ரசீதுகள் தருவது சூழ்நிலைச் சாட்சியம்தான். ஆனால் டன் கணக்கான விதையில் சில கிலோவை மட்டும் சோதித்து, ஏதோ ஒரு மூலையில் மட்டும் இருக்கக்கூடிய கிருமியைப் பிடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஊர்களின் தடங்கள் ஒரே எண்ணில் கூடுவது அதைவிட வலுவான சாட்சி. உணவுப் பாதுகாப்பு என்றாலே மாதிரி எடு, ஆய்வகத்துக்கு அனுப்பு என்று பேசிப் பழகிவிட்டோம். சோதனை வேண்டியதுதான். ஆனால் பழியைச் சரியான இடத்தில் வைப்பதற்கும், அதைவிட முக்கியமாக, தவறான இடத்தில் வைக்காமல் இருப்பதற்கும் கணக்குப் புத்தகம்தான் துணை. தடப் பதிவால் காப்பாற்றப்படுபவர் சாப்பிடுபவர் மட்டும் அல்லர், தப்புச் செய்யாத விற்பனையாளரும்தான் என்பதே இங்கே வாதம்.

தடப் பதிவு கட்டாயமாக இருந்தும் ஸ்பெயின் விவசாயிகள் தப்பவில்லையே என்று கேட்கலாம். 2005 ஜனவரி முதலே ஐரோப்பாவில், சரக்கு யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று ஒவ்வொரு வணிகரும் காட்டியாக வேண்டும். நடந்த பிழை என்னவென்றால், தடம் முடிவதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது. தடம் முடியவும் வாரக்கணக்கில் ஆனது. விதை கைமாறும் இடமெல்லாம் பிரிக்கப்பட்டு, பல நாடுகளுக்குச் சிதறியிருந்தது. அதற்காகவே 2013இல் முளைப்பயறுக்கும் முளைகட்டும் விதைக்கும் மட்டும் தனி விதி வந்தது: விதையின் தாவரவியல் பெயர், அளவு, லாட் எண், அனுப்பிய தேதி, அனுப்பியவர் பெற்றவர் விலாசம் ஆகியவை சரக்கோடு கூடவே போக வேண்டும், பதிவை அன்றாடம் புதுப்பிக்க வேண்டும்.

நம் நாட்டில் சட்டம் இதில் பின்தங்கவில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரக்கை யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத விற்பனையாளரையே பொறுப்பாளியாக்குகிறது. 26ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. ஒரு தொகுதியில் ஒரு பொருள் பாதுகாப்பற்றது எனத் தெரிந்தால், மறுக்கச் சான்று இல்லாதவரை அந்தத் தொகுதி முழுவதுமே பாதுகாப்பற்றது என்று அது கொள்ளும். அப்படியென்றால் தொகுதி சிறிதாகவும் எண் தெளிவாகவும் இருந்தால் நஷ்டம் ஒரு வண்டிச் சரக்கோடு முடியும். எண் இல்லாதவருக்குக் கிட்டங்கி முழுவதும் போகும். சந்தையிலிருந்து திரும்பப் பெறுவதற்கு 2017இல் தனி விதிமுறை வந்தது. 2022 ஜனவரி முதல் உணவு வணிகரின் 14 இலக்க உரிம எண் பில்லிலும் இருக்க வேண்டும்.

ஆனாலும் தடம் அறுந்துபோகும் இடத்தைச் சாதாரண மளிகைக் கடையிலேயே பார்க்கலாம். வெந்தயம் மூட்டையில் வருகிறது. மூட்டை வாயில் தைத்த சீட்டில் ஆலையின் பெயர், எடை, லாட் எண், மூட்டை பிடித்த மாதம் இருக்கும். கடைக்காரர் நூலை உருவி வெந்தயத்தை டப்பாவில் கொட்டுகிறார். அடியில் முந்தைய மூட்டையின் மிச்சம் கிடக்கிறது. அதிலிருந்து நூறு கிராம் பாக்கெட்டுகள் கட்டி அடுக்கும்போது, சீட்டு சாக்கோடு சேர்ந்து பழைய சாக்கு வாங்குபவரிடம் போயிருக்கும். பாக்கெட்டில் விலையும் எடையும் உண்டு; ஆலைக்குத் திரும்பிப் போகும் வழி இல்லை. சட்டப்படி அந்த இடத்தில் பொறுப்பு கடைக்காரர் தலையில் இறங்கிவிட்டது. பெரும்பாலோருக்கு அது தெரியாது.

சிறு வியாபாரிக்கு இதெல்லாம் கட்டுபடியாகுமா என்பதுதான் வழக்கமாக எழும் கேள்வி; அது நியாயமான கேள்வியும்கூட. தடப் பதிவு என்றவுடன் கியூஆர் கோடு, பிளாக்செயின் என்று விற்க வருகிறவர்கள் இந்தப் பயத்தை வளர்த்துவிட்டார்கள். ஜெர்மனியில் 41 தடங்களை இணைத்தவை டெலிவரி சீட்டும் ரசீதும்தான். வாங்கிய பில்லைத் தேதி வாரியாகக் கோத்து வைப்பதும், மூட்டைச் சீட்டின் எண்ணைப் பாக்கெட்டில் கையால் எழுதுவதும் எந்தக் கடைக்கும் முடியும். கலப்பது தவிர்க்க முடியாத தொழில்களும் உண்டு. பருப்பு ஆலையிலும் தரகு மண்டியிலும் பத்து ஊர்ச் சரக்கு ஒன்றாகிறது. கலக்கட்டும், எந்தெந்தச் சரக்கு எந்த நாளில் கலந்தது என்ற குறிப்பு இருந்தால் போதும். ஒரே சரக்கு என்று சட்டம் கேட்கவில்லை, எங்கிருந்து என்றுதான் கேட்கிறது.

இன்னொரு எதிர்ப்பு: எழுதி வைப்பவர் பொய் எழுதினால்? 2013இல் ஐரோப்பா அதையும் பார்த்தது. மாட்டிறைச்சி என்ற லேபிளுக்குள் குதிரை இறைச்சி இருப்பதை அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த ஆண்டு ஜனவரியில் வெளியிட்டது. ஒரு பர்கரில் 29 சதவீதம் குதிரை. அதைத் தொடர்ந்து வேறு உணவுகளிலும் குதிரை இறைச்சி வெளிப்பட்டபோது, சந்தேகம் ருமேனியாவின் இறைச்சிக் கூடங்கள்மீது விழுந்தது. காகிதங்களைப் பின்தொடர்ந்தபோது, அங்கிருந்து புறப்பட்ட சரக்கில் குதிரை என்றே எழுதப்பட்டிருந்தது தெரியவந்தது. பெயர் மாறியது பிரான்சில் ஒரு நிறுவனத்தில். 2019இல் பாரிஸ் நீதிமன்றம் அதற்குப் பொறுப்பானவர்களுக்குத் தண்டனை வழங்கியது. பதிவேடு பொய்யைத் தடுக்கவில்லை. ஆனால் பொய் எந்தக் கதவில் நுழைந்தது என்று காட்டியது. முன்பு ஸ்பெயினுக்குக் கிடைக்காத நியாயம் ருமேனியாவுக்குக் கிடைத்தது.

நுகர்வோரின் நம்பிக்கை என்று பேசும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். உரிம எண் தரச் சான்றிதழ் அல்ல; வணிகர் பதிவில் இருக்கிறார் என்பதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்வதில்லை. லேபிளை யார் படிக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்வோருக்கும் ஒரு பதில் உண்டு. பச்சை வட்டமும் காலாவதித் தேதியும் ஒவ்வாமைக் குறிப்பும் வாங்குபவர் படிக்க வேண்டியவை. தொகுதி எண் அப்படியல்ல. அது ஆயிரத்தில் ஒரு நாள், யாருக்கோ உடம்பு முடியாமல் போன நாளில், அதிகாரி படிப்பதற்காக அச்சிடப்படுகிறது. மற்ற 999 நாள் அதை யாரும் பார்க்காததால் அது வீண் என்று ஆகிவிடாது. 2024 ஏப்ரலில் இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு என்ற தீங்கான வாயு இருப்பதாக ஹாங்காங் சொன்னபோது இங்கே உடனடியாக எழுந்திருக்க வேண்டிய கேள்வி, அந்த வாயு எந்தக் கட்டத்தில் சேர்ந்தது என்பதுதான். மிளகாயை உலர்த்தி வைத்த கிட்டங்கியிலா, அரைத்த ஆலையிலா, துறைமுகத்திலா என்று பதில் சொல்லத் தொகுதி எண்ணைத் தவிர வேறு நூல் இல்லை.

நம்மால் முடியாது என்பதற்கும் இடமில்லை. ஐரோப்பாவுக்குப் போகும் மகாராஷ்டிரத் திராட்சைக்கு 2006 முதல் கிரேப்நெட் என்ற பதிவு முறை இருக்கிறது. பெட்டியின் குறியீட்டைக் கொண்டு தோட்டம்வரை போய்விடலாம். உள்ளூர்த் தள்ளுவண்டியில் வரும் திராட்சைக்கு அந்த மரியாதை கிடையாது. கேட்பவர் இருந்த இடத்தில் முறை வந்தது, அவ்வளவுதான். ஆகவே எங்கே தொடங்குவது என்றால், பெட்டிக் கடையில் அல்ல. கம்ப்யூட்டரும் பார்கோடு எந்திரமும் ஏற்கெனவே வைத்திருக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் தாங்களே கட்டி விற்கும் பருப்பு, மசாலாப் பாக்கெட்டுகளில் தொடங்கலாம். அவற்றில் பெரும்பாலும் ஒரு தொகுதி எண் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பாக்கெட்டைக் கையில் எடுத்து, இந்த எண் எந்த மூட்டை, அந்த மூட்டை எந்த ஆலை, இதே மூட்டையிலிருந்து இன்று எத்தனை பாக்கெட் அலமாரியில் இருக்கிறது என்று மூன்று கேள்வி கேட்டு, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்ளலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.