வயிற்றில் அழற்சி, நெஞ்சில் படபடப்பு

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகளில் லைனில் நிற்பவர் நினைத்த நேரத்தில் கழிப்பறைக்குப் போய்விட முடியாது. அவர் இடத்தில் நிற்க மாற்று ஆள் வர வேண்டும். குடல் அழற்சி நோய்க்காரருக்கு ஷிப்டில் முதல் பாடு இதுதான். பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், 1932-ல் நியூயார்க் மருத்துவர் பரில் கிரோனும் சகாக்களும் விவரித்த கிரோன் நோய், இரண்டும் குடல் அழற்சி நோயில் அடக்கம். பலருக்கு இளம் வயதிலேயே தொடங்கிவிடும். நம் நாட்டில் குடல் காசநோயும் ஏறக்குறைய இதே தோற்றத்தில் வருவதால், எது என்று பிரித்தறியவே மாதக்கணக்கில் அலைய நேர்கிறது. இதற்கு நடுவே இதயத்தை யார் நினைக்கிறார்கள்?

நினைக்கத்தான் வேண்டும். 2014-ல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று, குடல் நோய் சீறும் காலங்களில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறும் பக்கவாதமும் கூடுவதைக் காட்டியது. 80,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2023-ல் வந்த ஸ்வீடன் ஆய்வில், துடிப்புக் கோளாறுகள் சற்றே கூடுதலாக இருந்தன. பீதியடையும் அளவல்ல. ஆனால் அந்தக் கூடுதல் பல ஆண்டுகள் நீடித்தது.

காரணம் என்ன? இதயத்தின் மேல் வலது அறையில் உள்ள சைனஸ் கணு மின்துடிப்பை எழுப்பி, லைனின் வேகத்தைக் குறிக்கும் சுவிட்சைப் போல, இதயம் முழுவதற்கும் தாளம் வகுக்கிறது. குடலில் கிளம்பும் அழற்சிப் பொருள்கள் இரத்தத்தோடு இதயத் தசைக்கும் வந்து அந்த மின்னோட்டத்தைக் குலைக்கக்கூடும். இன்னொரு வழி எளியது, தடுக்கவும் கூடியது. ஓயாத வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் மக்னீசியமும் வெளியேறுகின்றன. ஸ்டீராய்டு மாத்திரையும் பொட்டாசியத்தைக் குறைக்கும். இரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் துடிப்பு தடம்புரளலாம். வீட்டில் கலக்கும் உப்பு சர்க்கரைத் தண்ணீரில் பொட்டாசியம் கிடையாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் உண்டு, இளநீரிலும் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டே இளநீர் குடிக்கட்டும்.

நைட் ஷிப்ட் களைப்பு, டென்ஷன் என்று படபடப்பை ஒதுக்கிவிடுவது இந்தப் பகுதியில் சகஜம். இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகும்போது அது அடங்கியிருக்கும், ஈ.சி.ஜி. நார்மல் என்று வரும். அதோடு திரும்பிவிடாமல், குடல் நோய் இருப்பதைச் சொல்லி, பொட்டாசியம், மக்னீசியம் பரிசோதனையும், உடலில் கட்டிக்கொண்டு 24 மணி நேரத் துடிப்பைப் பதியும் ஹோல்டரும் தேவையா என்று கேட்கலாம். படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.