தொண்டைச் சதையும் புதிய சிகிச்சையும்

புதுச்சேரியின் கனகசெட்டிக்குளத்துக் கடலோர வீடொன்றில், இரவெல்லாம் குறட்டைவிட்டு, இடையிடையே மூச்சு முட்டி எழுந்து உட்காரும் குழந்தையைக் கண்டு, ‘தொண்டையில் சதை வளர்ந்திருக்கிறது’ என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்தச் சதைதான் டான்சில்.

1823-இலேயே பிரெஞ்சுக்காரர் வைத்தியப் பள்ளி கண்ட நம் புதுச்சேரிக்குச் சஸ்திர சிகிச்சை புதிதன்று. ஆயினும், டான்சிலைக் கத்தியால் முழுமையாகப் பெயர்த்தெடுக்கும் பழைய முறையோடு, உப்புநீரின் ஊடே ரேடியோ அலைச் சக்தியைச் செலுத்தி, மின்சூட்டுக் கருவியின் கடும் உஷ்ணமின்றி, சுமார் 40 முதல் 70 டிகிரி செல்சியஸிலேயே சதையைக் கரைத்துவிடும் ‘கோப்ளேஷன்’ முறையும் இன்று சேர்ந்துள்ளது.

குறட்டையும் மூச்சுத்தடையுமே பிரதானமாக உள்ள குழந்தைகளுக்கு, டான்சிலின் உறையையும் அதையொட்டிய மெல்லிய படலத்தையும் விட்டுவைத்து, மற்றதை மட்டும் செதுக்கியெடுத்தால், அடியிலுள்ள தசை காக்கப்படுவதால் வேதனையும் ரத்தப்போக்கும் குறைகின்றன. எனினும், எஞ்சிய சதை சிலருக்கு மீண்டும் வளர்வதுண்டு.

எம்முறையாயினும், சிகிச்சைக்குப் பின் 5 முதல் 10 நாட்களுக்குள், புண்மேல் படிந்த வெண்பொருக்கு உதிரும்போது ரத்தம் கசியக்கூடும். உறங்கும் குழந்தை அடிக்கடி எச்சில் விழுங்குவது அதன் முன்னறிகுறியாகலாம் என்பதை மறவாமல், கண்டவுடன் தாமதமின்றி மருத்துவமனையை நாடுவதே விவேகம்.